இரண்டாம் மிதவையின் கோடு

பேய்க்கதை சொல்லுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்து எட்டு வருடமாகக் கணினியில் தரவுகளைக் காவல் காக்கிறவன் நான். ஆகவே பாலாம்பிகை அக்காவைப் பற்றி இங்கே சொல்லப்போவதை, கொஞ்சமும் விருப்பமில்லாமல்தான் சொல்கிறேன்.

அக்கா கண்டி நகரத்து மஹய்யாவயில் பிறந்து வளர்ந்தவர். தகப்பன் கறுப்பையா நகரத் துப்புரவுத் தொழிலாளி. மகளோ கணக்கில் புலி. ஒரு தனியார் பஸ் கம்பனியில் பதினைந்து வருடம் நேர அட்டவணை போட்டவர். எந்த பஸ் எத்தனை மணிக்கு எந்த வளைவில் நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். அதற்காகத்தான் எங்கள் கம்பனி அவரைப் பிடித்தது. தெற்குக் கடலில், கரையிலிருந்து நாலு கிலோமீற்றர் தள்ளி மூன்று பெரிய மிதவைகளைக் கட்டி, அலையில் அவை ஏறி இறங்குவதிலிருந்து மின்சாரம் எடுக்கிற கம்பனி. முதலாளி கண்டிக்காரர் என்பதால் நாங்கள் வேலை செய்கிற கந்தோரும் கண்டியில். கடலைப் பார்க்க ஆசைப்பட்டால் பஸ்ஸில் அரை நாள் இருக்க வேண்டும். என்ன கண்டறியாத ஏற்பாடு!

மிதவைகளைத் திருத்த ஆட்கள் படகில் போவார்கள். எந்த நாள், எந்த மணிக்குப் போகலாம் என்று சொல்வது அக்காவின் வேலை. அலை தொடர்ந்து ஆறு மணி நேரம் ஒரு மீற்றருக்குக் கீழே இருக்க வேண்டும். மற்றவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள். அக்கா ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையில் எத்தனை விநாடி என்றும் எண்ணுவார்.

"எங்கேயோ தூரத்துல அடிச்ச புயல்லருந்து, இங்க காத்தே இல்லாதப்ப நீள அலை வரும் மயூரன். பாத்தா ஒண்ணுமே தெரியாது. அதுதான் ஆள முழுங்கும்" என்பார். அவருடைய கையெழுத்து இல்லாமல் படகு இறங்காது.

அந்தக் கையெழுத்தோடுதான் போன மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தினுஷன் போனான். பன்விலத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. நீர்த்தேக்கத்தில் மதகை அடைக்கும் குப்பையை மூழ்கி எடுக்கிற வேலையில் பழகி எங்களிடம் வந்தவன். அவன் இரண்டாம் மிதவையின் அடியில் நின்றபோது நீள அலை வந்து மிதவையைத் தூக்கிப் போட்டது. தினுஷனை மறுநாள்தான் எடுத்தார்கள். 'எதிர்பாராத அலை' என்று எழுதி விசாரணையை முடித்தார்கள்.

இரண்டாம் மிதவையின் கேபிளும் அன்றே அறுந்தது. கையோடு மின்கலத்தையும் கழற்றி எடுத்துவிட்டார்கள். எங்கள் திரையில் மூன்று மிதவைகளுக்கும் மூன்று கோடுகள் ஓடும். இரண்டாவது கோடு மட்டும் பத்து மாதமாக அசையாமல் கிடந்தது. அதை அழித்துவிடும்படி அக்கா எத்தனையோ தடவை சொன்னார். நாளைக்கு, நாளைக்கு என்று நான்தான் சோம்பலில் விட்டுவிட்டேன்.

இந்த மார்ச்சில் செத்த மிதவையைத் துறைமுகத்துக்கு இழுத்து வர முடிவானது. கயிறு பூட்டப் போக நிரஞ்சன் தெரிவானான். அக்காவின் ஒரே தம்பி, தாய் போன பிறகு அக்கா கையால் வளர்ந்தவன். போகாதே என்று அக்கா கெஞ்சிப் பார்த்தார். அவன் கேட்கவில்லை. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை தேறியது. காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஆறரை வரை கடல் அமைதி என்று கணிப்பு.

வெள்ளி என்றால் பத்தரையிலிருந்து பன்னிரண்டு மணி ராகு காலம். இந்த நாட்டில் சிங்களவரும் தமிழரும் சண்டை பிடிக்காத ஒரே விசயம் ராகு காலம்தான் என்று நான் பகிடி விடுவேன். எண்ணெய் அடித்துச் சாமான் ஏற்ற எப்படியும் பத்தரை தாண்டிவிடும். பிறகு பன்னிரண்டு அடிக்காமல் படகோட்டி நங்கூரத்தைத் தொடமாட்டார். எனவே ஒவ்வொரு வெள்ளியும் அக்கா அட்டவணையைத் திருப்பி எழுதி, புறப்படும் நேரத்தைப் பன்னிரண்டு ஐந்து என்று மாற்றி, துறைமுகத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பார். அன்றைக்கு மட்டும் அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டுத் திரைக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பதினொன்று பத்துக்குக் கூப்பிட்டார். "மயூரன், இங்க வாங்க."

அவருடைய குரலே மாறியிருந்தது. போய்ப் பார்த்தேன். இரண்டாவது கோடு அசைந்துகொண்டிருந்தது.

மெதுவாக ஏறியது, கொஞ்சம் நின்றது, மெதுவாக இறங்கியது. நித்திரையில் இருக்கிற ஆளின் நெஞ்சு மாதிரி. ஒன்றும் மூன்றும் வழக்கம்போலச் சின்னதாக நடுங்கிக்கொண்டிருந்தன.

"பதினெட்டு விநாடி" என்றார் அக்கா. எண்ணி முடித்திருந்தார்.

மேசைக்கடியில் புகுந்து பார்த்தேன். இரண்டாம் மிதவையின் இணைப்பைப் பத்து மாதத்துக்கு முன்னால் என் கையாலேயே பிடுங்கியிருந்தேன். அது தூசி பிடித்து அப்படியே தொங்கியது. எழும்பிப் பார்த்தால் கோடு இன்னும் ஏறி இறங்குகிறது. வெளியே நல்ல வெயில், தெருவில் லொத்தர்ச் சீட்டு விற்கிறவன் கத்துகிறான். ஒளிப்பானேன், பயந்துபோனேன்.

"அக்கா, இது மெசின் பிழை. இதை நம்பி நிப்பாட்டினால் உங்களை வீட்டை அனுப்பிப்போடுவினம்."

"தம்பி கரையில நிக்கிறான் மயூரன்" என்றார். போனை எடுத்து அந்தக் கோட்டைப் படம் பிடித்தார். பிறகு படகோட்டியை அழைத்து, இன்றைக்கு வேண்டாம் என்று சிங்களத்தில் சொன்னார். மணி பதினொன்று ஐம்பத்தாறு.

நிரஞ்சன் போனைப் பிடுங்கிக் கத்தியது எனக்கும் கேட்டது. "அக்கா, ஒனக்குப் பைத்தியமா? கடல் கொளம் மாதிரி கெடக்கு!"

"கெடக்கட்டும். நீ எறங்குடா."

பின்னாலேயே முகாமையாளர் எடுத்துத் திட்டோ திட்டென்று திட்டினார். அக்கா காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டுக்குள் இரண்டாவது கோடு பழையபடி படுத்துவிட்டது. ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒன்றும் மூன்றும் ஒன்றாக எழும்பித் திரையின் மேல் விளிம்பைத் தொட்டன. துறைமுகச் சுவரின் மேலால் தண்ணீர் பாய்ந்து ஐந்து வள்ளங்கள் உடைந்தன. கடலில் ஆட்கள் யாரும் இல்லை.

அதோடு எல்லோரும் அக்காவைத் தலையில் தூக்கி வைத்தார்கள். என்னால்தான் சும்மா இருக்க முடியவில்லை. மெசின் பழைய பதிவு எதையோ கக்கியிருக்கிறது என்று நிரூபிக்க, அக்காவின் படத்தை வைத்துக்கொண்டு பழைய தரவுகளைக் கிண்டினேன். மூன்றாம் நாள் அகப்பட்டது. போன மே மாதம், தினுஷன் செத்த அந்த வெள்ளிக்கிழமை, அவனுடைய படகு புறப்பட ஒரு மணி நேரத்துக்கு முன்னால், பதினொன்று பத்திலிருந்து. ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். ஒரு மேடு, ஒரு பள்ளம்கூட விலகவில்லை. மூன்றிலும் கடலுக்குள் தள்ளி நிற்பது இரண்டாம் மிதவை. நீள அலை வந்தால் முதலில் அதைத்தான் தொடும். மெசின் அந்தப் பதிவைத் திரும்ப எடுத்ததற்கு எங்கேயும் ஒரு தடயமும் இல்லை.

சொல்லாமல் விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? சொன்னேன்.

அக்கா இரண்டு கோடுகளையும் தானே ஒருதரம் எண்ணிப் பார்த்தார். பிறகு, "அன்னைக்கு இந்த நேரம் நான் என்ன செஞ்சுகிட்டு இருந்தேன்?" என்று கேட்டார். பதில் இரண்டு பேருக்கும் தெரியும். ராகு காலத்துக்காக மணியை மாற்றி எழுதிக்கொண்டு, திரைக்கு முதுகைக் காட்டியபடி போனில் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை பன்விலவுக்குப் போனார். தனியே விட மனமில்லாமல் நானும் போனேன். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில் ஒன்றான லயத்துக் காம்பராவில் தினுஷனின் தாய் பாலம்மா எங்களை உட்கார வைத்தார். அக்கா படத்தைக் காட்டி, ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். பாலம்மா அந்தக் கோட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒங்க தம்பி நல்லா இருக்காரா?"

"இருக்கான்மா."

பாலம்மா போனைத் திருப்பிக் கொடுத்தார். குரலில் கோபம் இல்லை. "எம்புள்ள அன்னைக்கும் இதே மாதிரிதான் ஒங்கள கூப்புட்டிருக்கான். இந்தத் தடவ கரையில நின்னது ஒங்க தம்பிங்கறதால, நீங்க திரும்பிப் பாத்திருக்கீங்க."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "ஆமாம்மா" என்றார்.