இராமலட்சுமி வீட்டுப் பரண்

ஆனி பிறந்து சாரல் விழுந்துவிட்டால் தென்காசியில் விருந்தாளி இல்லாத வீடு கிடையாது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று கேள்விப்பட்டால் போதும், கல்யாணத்துக்குக்கூட எட்டிப் பார்க்காத சொந்தமெல்லாம் பையும் துண்டுமாக வந்து இறங்கிவிடும். கொடியெல்லாம் ஈரத்துணி, கூடமெல்லாம் பாய். வந்தவர்களைத் திட்டிக்கொண்டே தோசை சுடுவது இந்த ஊர்ப் பெண்களுக்கு ஒரு சுகம். இராமலட்சுமிக்கு அது வாய்க்கவில்லை. பெரிய வீடு, பிள்ளை இல்லை, புருஷன் மகாதேவன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. கதவு எப்போதும் சாத்தியே கிடக்கும். தெருவில் அவளைக் கஞ்சம் என்பார்கள், திமிர் பிடித்தவள் என்பார்கள். அவள் இரண்டும் இல்லை. பரணில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது, அவ்வளவுதான்.

மகாதேவன் பட்டாளத்துக்காரர். எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு நடந்த சண்டை முடிந்ததும், சரணடைந்தவர்கள் ஆயுதங்களைக் குவித்துப் போட்ட இடத்தில் காவல் நின்றவர். குவியலில் இருந்து ஒன்றை எடுத்து, படுக்கைச் சுருளுக்குள் வைத்து ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார். லைசென்சாவது ஒன்றாவது! முதலில் பெருமைக்கு வைத்திருந்தார், பிறகு பயத்தில் வைத்திருந்தார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன பதில் சொல்வது, பென்ஷனை நிறுத்திவிட்டால் எப்படிப் பிழைப்பது என்று நாளைக் கடத்தினார். எதிரிக்குப் பயப்படாத மனுஷன், வெள்ளையடிக்க வந்தவனைப் பார்த்துப் பயந்தார்.

அந்த நாளில் சீசனுக்கு அவர் தங்கை யோகலட்சுமி மட்டும் புளியங்குடியில் இருந்து மகனோடு வருவாள். ஒரு வருஷம், அருவியில் குளித்துவிட்டு வந்த பையன் விஜயசங்கர் விளையாட்டாகப் பரண் ஏணியில் ஏறிவிட்டான். மகாதேவன் பாய்ந்து போய் அவனை இழுத்து இறக்கி, கன்னத்தில் ஓங்கி அறைந்தார். காரணம் சொல்லவில்லை. யோகலட்சுமி துணிமணியை ஈரத்தோடு பைக்குள் திணித்துக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறினாள். பிறகு வரவே இல்லை. இராமலட்சுமி தெருமுனை வரை கூடவே ஓடினாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை. அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?

அவர் செத்த பிறகாவது அதைக் கொடுத்துத் தொலைத்திருக்கலாம். செத்தவர் பெயர் கெட்டுவிடுமே என்று அவளும் மூடி மறைத்தாள். மாடியை வாடகைக்குக் கேட்டவர்களை விரட்டினாள். வீட்டு வேலைக்கு ஆள் வைக்கவில்லை. பேச்சுத்துணைக்கு டி.வி. ஒன்று இருந்தது, அது ரிப்பேரானபோதும் மெக்கானிக்கை உள்ளே விட மனம் வராமல் அப்படியே போட்டுவிட்டாள்.

போன தை மாதம் யோகலட்சுமி தவறிவிட்டாள். துஷ்டிக்குப் போன இடத்தில், தலை நரைக்கத் தொடங்கிவிட்ட விஜயசங்கர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அத்தை, மாமா என்னைய எதுக்கு அடிச்சாகன்னு அம்மா கடைசி வரைக்கும் கேட்டுட்டே இருந்தா. உங்களுக்குத் தெரியுமா?”

“எனக்கென்னய்யா தெரியும்?” என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் முந்தானையை வாயில் வைத்து அழுதாள். போனவளுக்கு இனிமேல் சொல்ல முடியாது. இருக்கிறவனுக்காவது சொல்ல வேண்டும், அவனாவது இந்த வீட்டுக்கு வர வேண்டும். அதற்கு அந்தச் சனியன் முதலில் வெளியே போக வேண்டும். ஆனாலும் துணிச்சல் வர ஆனி ஆகிவிட்டது.

ஸ்டேஷனில் அவள் சொன்னதைக் கேட்டு ஏட்டு சிரித்தார். “தீபாவளித் துப்பாக்கியா ஆச்சி?”

“ஆளைச் சுடுதது.”

சிரிப்பு நின்றுவிட்டது. ஜீப்பில் அவளையும் ஏற்றிக்கொண்டு சப்-இன்ஸ்பெக்டர் வேல்விழி மூன்று போலீஸ்காரர்களோடு வந்தாள். ஒருவர் பரணில் ஏறினார், ஒருவர் ஏணியைப் பிடித்தார், ஒருவர் எட்டுக்கால்பூச்சிக்குப் பயந்து கத்தினார். துணியில் சுற்றியிருந்தது துருவேறிக் கீழே வந்தது.

“கோர்ட்டுக்குப் போயி, கடைசில உருக்கிருவாக. விசாரணைக்கு நீங்க ஸ்டேஷனுக்கு வரவேண்டியிருக்கும். பயப்படாதீக, நீங்களாத்தான வந்து சொன்னீக” என்றாள் வேல்விழி.

அவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே இராமலட்சுமி அடுக்களைக்குப் போய் விஜயசங்கருக்குப் போன் போட்டாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

“இவ்வளவுதானா அத்தை? இதை அம்மாட்ட சொல்லியிருக்கலாமே.”

“தப்புத்தான்யா. சாரல் நல்லா அடிக்கி. பிள்ளைகளைக் கூட்டிட்டு வாயேன்.”

“அதுக பெங்களூர்ல இருக்குதுக. வந்தாலும் ரிசார்ட்லதான் ரூம் போடுதுக. பாப்போம் அத்தை.”

பாப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? போனை வைத்துவிட்டு எல்லாருக்கும் காபி போட்டுக் கொண்டுபோனாள். கூடத்தில் ஒருவர் ஃபேன் சுவிட்ச் எங்கே என்று கேட்டார், இன்னொருவர் இன்னும் கொஞ்சம் சீனி கேட்டார். வீடு முழுக்க ஆள் சத்தம். அவளுக்கு அது பிடித்திருந்தது.

குடித்து முடித்து எழுந்தார்கள்.

“வேற எதும் இருக்கா ஆச்சி? தோட்டா, கத்தி, அந்த மாதிரி?” என்று கேட்டாள் வேல்விழி.

ஒன்றும் இல்லை. இராமலட்சுமிக்கு அது நன்றாகவே தெரியும்.

“பின்கட்டுல அவுக பெட்டி ஒண்ணு கெடக்கு. உள்ள என்ன இருக்கோ, எனக்குச் சரியாத் தெரியல தாயி” என்றாள். “இன்னைக்கு நேரமாயிட்டுன்னா நாளைக்கு வந்து பாருங்க. எல்லாரும் வாங்க.”