பலகைக்கு ஆயில்

படப்பை வீட்டின் பின்பக்க மரத்தளத்துக்குப் பூச என் கணவர் ஆயில் டப்பாவைத் திறந்தார். அந்த வாசனை சமையலறைக்குள் வந்ததும் எனக்கு வயது எட்டாகிவிட்டது.

தொண்ணூற்றொன்றில் அப்பாவுக்கு ஒரகடம் பக்கம் ஒரு லாரி ஷெட்டில் வேலை. மெஷின் வந்த பெட்டியின் பலகைகளைக் கொண்டுவந்து, வாசலில் சேற்றுக்கு மேல் தளம் போட்டார். கரையான் வராமலிருக்க, லாரியிலிருந்து வடித்த வேஸ்ட் ஆயிலைப் பூசுவார். என் பாவாடையெல்லாம் கறுப்பாகிறதென்று அம்மா தளத்தைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவுவாள். காய்ந்ததும் அப்பா மறுபடி பூசுவார். இதிலேயே இருவருக்கும் பேச்சு நின்றுபோனது.

“உங்கப்பாவாண்ட சொல்லு, இன்னொரு வாட்டி ஆயிலு பூசினா நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்” என்பாள் அம்மா, அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, “கேட்டுச்சு, கேட்டுச்சு. கழுவிக்கினே இருந்தா பலகை உளுத்துப்பூடும்னு உங்கம்மாவாண்ட சொல்லு” என்பார்.

கேட்டுவிட்டதென்றால் நான் எதற்கு? அம்மா நிஜமாகவே போய்விடுவாளா? யார் பக்கம் போவதென்று தெரியாமல் அந்தப் பிசுபிசுத்த பலகை நடுவிலேயே நிற்பேன்.

சமையலறை வாசலில் என் மகள் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால், கையெட்டும் தூரத்தில், பிரஷ்ஷோடு என் கணவர். முந்தாநாளிலிருந்து நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

“அம்மா, படிக்கட்டுக்கும் ஆயில் அடிக்கணுமானு அப்பா கேக்கச் சொன்னாரு.”

என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“கேட்டுச்சுன்னு சொல்லு” என்று என் வாய் சொல்லிவிட்டது.