மாமா வரைந்த வெள்ளக்கோடு

எங்கள் கடைக்குள் வெள்ளம் இரண்டு தடவை வந்தது. முதல் தடவை வானத்திலிருந்து வந்தது. இரண்டாவது தடவை மாமா கொண்டுவந்தார்.

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் அப்பாவுக்குத் துணிக்கடை. கீழே கடை, மேலே நாங்கள். அம்மாவின் தம்பியான மாமாவும் எங்களோடுதான் இருந்தார். கடையில் உங்களுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் மாமா 'பார்ட்னர்' என்பார். அதே கேள்வியை அப்பாவிடம் கேட்டால் 'இருக்கான்' என்பார். இரண்டும் ஒரே ஆளைப் பற்றித்தான் என்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. படிப்பு விஷயத்தில் எனக்கு எப்போதுமே கொஞ்சம் மெதுவாகத்தான் ஏறும்.

அது கிறிஸ்மஸ் சரக்கு வந்து இறங்கிய வாரம். எங்கள் மாதா கோயில் பங்கில் இருந்த தமிழ்க் குடும்பங்களில் பாதி அப்பாவிடம்தான் பண்டிகைத் துணி எடுக்கும். பிடோக்கில் புது வீடு கிடைத்துப் போனவர்கள்கூட பஸ் பிடித்து வருவார்கள். அதனால் தரைத்தட்டு வரை சேலையும் பாவாடைத் துணியும் அடுக்கியிருந்தது. அந்த வாரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கால்வாய் நிரம்பி, சாக்கடைத் தண்ணீர் வந்த வழியே திரும்பி, கடை வாசலை ஒட்டிய ஐந்தடி நடைபாதையில் ஏறி, வாடிக்கையாளர் மாதிரி நேராகக் கடைக்குள் வந்து நின்றது. செருப்பைக்கூட வெளியே விடவில்லை. தண்ணீர் வடிந்தபோது யாருடைய செருப்போ ஒன்று எங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்தது.

சேறு, நாற்றம், ஒற்றைச் செருப்பு. இவற்றோடு வெள்ளம் இன்னொன்றையும் விட்டுப் போயிருந்தது. நாலு சுவரையும் சுற்றி, ஸ்கேல் வைத்து அடித்ததுபோல் ஒரு பழுப்புக் கோடு. அப்பாவின் இடுப்புயரம் இருக்கும். கோட்டுக்குக் கீழே இருந்த துணியெல்லாம் ஊறி ஒன்றோடொன்று சாயம் ஏறிக் கிடந்தது. மேலே இருந்தது பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. மோந்து பார்த்தால்தான் தெரியும்.

கோயிலில் பாட்டுப் பாடுகிற ஒரு அண்ணன் இன்சூரன்ஸ் ஏஜெண்டாகவும் இருந்தார். அவருடைய தொல்லை தாங்காமல் அப்பா முந்திய வருஷம் நெருப்புக்கும் வெள்ளத்துக்கும் சேர்த்து பாலிசி எடுத்திருந்தார். அந்த அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "எதையும் தொடாதீங்க அங்கிள். சர்வேயர் வந்து எவ்வளவு நஷ்டம்னு பாப்பாரு. அவரு எழுதுறதுதான் கணக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் மெதுவாகப் பேசினார். கிளெய்ம் வந்தால் கடையைத் திரும்பத் திறக்கலாம். வராவிட்டால் கடையை ஒப்படைத்துவிட்டு ஜூரோங்கில் ஒரு பேக்டரி ஸ்டோரில் வேலைக்குப் போய்விட வேண்டியதுதான். வீட்டையும் அங்கேயே மாற்றிக்கொள்ள வேண்டும். எனக்கு அப்போது ஜூரோங் என்றால் ஏறக்குறைய வெளிநாடு. அம்மா அப்பாவின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார். மாமா மட்டும் சாப்பிடாமல் யோசித்துக்கொண்டிருந்தார். மாமா சாப்பிடாமல் யோசித்தால் ஏதோ வரப்போகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"அத்தான், மேல் தட்டுச் சேலையும் போச்சுதான். வெள்ளம் வந்த கடைன்னு ஊருக்கே தெரியும், எவன் வாங்குவான்? ஆனா சர்வேயர் கோட்டைத்தான் பாப்பான். கோடு ஒரு முழம் ஏறினா..."

"நனைஞ்சது நனைஞ்சது. நனையாதது நனையாதது. சாப்பிடு" என்றார் அப்பா.

சர்வேயர் வருவதாகச் சொன்ன நாள் காலையில் அப்பாவும் அம்மாவும் பூசைக்குப் போனார்கள். கதவு சாத்தியதுதான் தாமதம், மாமா என்னைக் கீழே கூப்பிட்டார்.

"வெள்ளத்தண்ணி என்ன கலர்ரா?"

"சாக்கடைக் கலர்."

"அது கிட்ட நின்னு பாத்தவன் சொல்றது. தள்ளி நின்னு பாரு. தேத்தண்ணி கலர்லா."

முதலில் சேற்றைக் குழைத்துத்தான் பூசிப் பார்த்தார். அது காய்ந்து பெயர்ந்து, பல்லி செத்து ஒட்டியதுபோல் இருந்தது. பிறகுதான் முனைக் காப்பிக்கடைக்குப் போய், பால் டின்னில் கயிறு கட்டிச் சூடாகத் தேத்தண்ணி வாங்கி வந்தார். நான் கெஜக்கோலைச் சுவரில் பிடித்துக்கொள்ள, மாமா பெயிண்ட் பிரஷ்ஷைத் தேயில் நனைத்து நாலு சுவருக்கும் புதுக்கோடு போட்டார். உண்மையிலேயே அழகான கோடு. ஓரமெல்லாம் லேசாகக் கரைந்து, நடுவில் கொஞ்சம் அடர்ந்து, வெள்ளமே பார்த்தால் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு போயிருக்கும்.

"கீழ ஒரு கோடு இருக்கே மாமா?"

"இருக்கட்டும். மொதல்ல மேல ஏறிச்சு, அப்புறம் எறங்கிக் கொஞ்ச நேரம் நின்னுச்சு. வெள்ளத்துக்கும் கால் வலிக்காதா?"

என்னிடம் ஒரு வேலையும் கொடுத்தார். சர்வேயர் கேட்டால் தண்ணீர் என் தலைக்கு மேல் போனது என்று சொல்ல வேண்டும். கூலி, சர்பத் ஊற்றிய ஒரு ஐஸ் பந்து. நான் ஒப்புக்கொண்டேன்.

சர்வேயர் மதியத்துக்கு வந்தார். டை கட்டிய ஒல்லியான தமிழர். கையில் டேப்பும் கழுத்தில் கேமராவும். பூசை முடிந்து பின்படி வழியாக நேராக மாடிக்குப் போயிருந்த அப்பாதான், அவர் வழி கேட்டு நின்றதை ஜன்னலில் பார்த்து, ரோட்டுக்குப் போய் அழைத்து வந்தார். இருவரும் ஒன்றாக உள்ளே நுழைந்தார்கள். சர்வேயர் சுவரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

மேல் கோடு நகர்ந்துகொண்டிருந்தது.

சிங்கப்பூர்க் காப்பிக்கடையில் தே என்று கேட்டால் இனிப்பான டின் பாலை ஊற்றித்தான் தருவார்கள். பால் இல்லாமல், சர்க்கரை இல்லாமல் தேத்தண்ணி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே மாமாவின் நினைப்பில் வந்திருக்காது. ஆனால் இந்தச் செய்தி சந்தில் இருந்த அத்தனை எறும்புக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. நாலு சுவரையும் சுற்றி, ஒன்றன்பின் ஒன்றாக, பெருநாள் ஊர்வலம் போல் போய்க்கொண்டிருந்தன. கீழ்க்கோட்டில் ஒரு எறும்புகூட இல்லை.

சர்வேயர் ஒரு விரலால் மேல் கோட்டைத் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார்.

"இந்தப் பக்கம் வெள்ளம் சக்கரை போட்டு வந்துச்சா?"

அப்பா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போதுதான் தெரிகிறது. இறங்கி வந்த அம்மா மாடிப்படியில் பாதியில் நின்றுவிட்டார்.

"இது விளையாட்டு இல்லை" என்றார் சர்வேயர். குரல் மாறிவிட்டது. "இதை நான் அப்படியே எழுதினா மொத்த கிளெய்மும் போயிடும். உண்மையா நனைஞ்சதுக்கும் ஒரு காசு வராது. யார் செஞ்சது?"

மாமா வாயைத் திறந்தார். அதற்குள் அப்பா சொன்னார்: "நான்தான் சார்."

அப்பா பூசைக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. மாமாவின் சட்டைக் கை முழங்கை வரைக்கும் பழுப்பு. அவர் காலர் மேல் ஒரு எறும்பு வழிதவறி நின்றது. சர்வேயர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எதால போட்டீங்க?"

அப்பாவுக்கு எப்படித் தெரியும்? சுவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "சாயம் சார்" என்றார்.

"என்ன சாயம்?"

"பழுப்புச் சாயம்."

என் அப்பாவைப்போல் பொய் சொல்லத் தெரியாத மனிதரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. இந்தத் துறையில் எனக்கு ஓரளவு அனுபவம் உண்டு என்பதால் சொல்கிறேன்.

சர்வேயர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, தண்ணி உனக்கு எது வரைக்கும் வந்துச்சு?"

மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸ் பந்து இனி வராது என்று எனக்குத் தோன்றியது. "எனக்கு வரலை சார். நான் மாமா தோள்ல உக்காந்திருந்தேன். தலையில வேற சேலைக் கட்டு வச்சிருந்தாரு. எறங்க விடவே இல்லை."

"சரி, மாமாவுக்கு எது வரைக்கும்?"

"இடுப்பு."

அவர் டேப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அப்பாவிடம், "ஐயா, நான் காப்பிக்கடையில போய் ஒரு தே குடிச்சிட்டு வர்றேன். நான் இன்னும் உங்க கடைக்கு வரலை. வர்றப்ப சுவத்துல ஒரு கோடுதான் இருக்கணும். இனிமே இந்த மாதிரி செஞ்சா நானே சும்மா விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாமா அன்று சுவரைத் தேய்த்த வேகத்தில் பெயிண்டே கொஞ்சம் வந்துவிட்டது.

சர்வேயர் திரும்பி வந்து, அப்போதுதான் நுழைகிறவர்போல் எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். இருந்த ஒரே கோட்டை அளந்தார். பிறகு கோட்டுக்கு மேல் இருந்த அடுக்குக்குள் கையை நுழைத்துப் பார்த்தார். அடுக்கி வைத்த துணி தண்ணீரை மேலே உறிஞ்சும், அதையும் சேர்த்துத்தான் எப்போதும் எழுதுவோம் என்றார். அதற்கும் மேலே இருந்ததை மோந்து பார்த்து, இது பாதி விலைக்குத்தான் போகும், அந்தப் பாதியும் நஷ்டம்தான் என்று எழுதிக்கொண்டார். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய மாமாவின் கோடு இருந்த இடத்துக்கே வந்துவிட்டது. அப்பா மாமாவைத் திட்டவில்லை. "மாப்ளே, வாளியை எடுத்து உள்ள வை" என்றார், அவ்வளவுதான்.

புதுவருஷம் கழித்துப் பணம் வந்தது. முழுசாக இல்லை, கடையைத் திறக்கிற அளவுக்கு. நாங்கள் ஜூரோங்குக்குப் போகவில்லை.

சர்வேயர் வந்துபோன வாரத்தில் எனக்கு இருந்த கவலை வேறு. நான் அப்போது கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பொய் பாவம், செய்த பாவத்தைச் சாமியாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று சிஸ்டர் அந்த மாதம்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். அப்பா சனிக்கிழமை தவறாமல் அப்படிச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்பவர். வாரா வாரம் அவர் என்னதான் சொல்வார் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. இந்த வாரமாவது உருப்படியாக ஒன்று இருக்கிறதே என்று ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பெஞ்சில் முழங்காலிட்டு ஜெபம் செய்தார். வரிசை நகர்ந்தது, குறைந்தது, முடிந்தது. அவர் எழுந்து போகவில்லை.

திரும்பி நடந்து வரும்போது கேட்டேன். "பொய் சொன்னீங்கல்லப்பா? சாமியார்கிட்ட சொல்ல வேணாமா?"

"சொல்லணும்னா மொதல்ல அதுக்காக வருத்தப்படணும்டா. வருத்தம் இன்னும் வரலை. வந்தா போறேன்."

எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த அம்மா இதைக் கேட்டு நின்றார். அப்பா வந்து சேர்ந்ததும், வீடு வரைக்கும் அவரை ஒட்டியே நடந்து வந்தார். மாமா அடுத்த சனிக்கிழமையும் அதற்கடுத்த சனிக்கிழமையும் கோயில் வாசலில் வந்து நின்று பார்த்தார். அப்பா அந்த வரிசைக்குப் போகவே இல்லை.

வெள்ளத்தில் அப்பா படித்த ஞானோபதேசப் பாடமும் கொஞ்சம் அழிந்துபோய்விட்டது என்று நான் முடிவு செய்தேன். என் பாடப் புத்தகத்தில் பொய் பாவம் என்று சொல்கிற பக்கத்தை மடித்து, புத்தகத்தை அவருடைய தலையணைக்குக் கீழே வைத்தேன்.