வரிசை எண்ணை நம்பிய அக்கா

போரில் சிதறியவர்கள் தம் உறவினரைத் தேடும் அறிவித்தல்களை வெளியிட நாங்கள் இருவர் ஓர் இணையத்தளத்தை நடத்தினோம். பல்கலைக்கழகப் படிப்பை முடித்து மலைநாட்டு ஊரான ஹேவாஹெட்டயிலிருந்து வந்த நான் ஒருத்தி. அம்பிட்டியவில் வாடகைக்கு இருந்த யாழ்ப்பாணத்து ஆசிரியை மற்றவர். அவரை அக்கா என்பேன். தளத்தின் முதல் அறிவித்தலே போர் நடந்த வன்னியில் தொடர்பறுந்த அவருடைய தம்பியைப் பற்றியது.

தளத்தை யாரும் பார்ப்பதில்லை என்று அவர் சோர்ந்திருந்த நாட்களில், அவருக்குச் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். இணையத்தளங்களுக்கு உலக வரிசை எண் வழங்கிய ஒரு நிறுவனம், டூல்பார் என்ற தனது சிறு மென்பொருளைக் கணினியில் பொருத்தியவர்களின் வருகையை வைத்தே கணித்தது. நம் நாட்டில் அதைப் பொருத்தியவர் மிகச் சிலர் என்பதால், சில கணினிகளே எண்ணை மாற்றப் போதும். நாங்கள் தளத்து வேலைகளைச் செய்துவந்த கெலிஓயா இன்டர்நெட் கடையின் ஐந்து கணினிகளிலும், முதலாளியின் அனுமதியோடு அதைப் பொருத்தி, எங்கள் பக்கமே முதலில் திறக்கும்படி வைத்தேன். மின்னஞ்சல் பார்க்க வந்தவர்களெல்லாம் எங்கள் தளத்தைக் கடந்தே போனார்கள். சில வாரங்களில் வரிசை எண் மளமளவென்று முன்னேறியது.

அக்காவின் முகம் மலர்ந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நாள்தோறும் பஸ் ஏறி வரத் தொடங்கினார்.

"இவ்வளவு சனம் பாக்குது. ஆராவது அவனைக் கண்டிருப்பினம்தானே?"

அறிவித்தலுக்குப் பதில் எதுவும் வரவில்லை. ஒருநாள் அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இத்தனை பேர் பாத்தும் ஒருத்தரும் எழுதேல்லை எண்டால், அவன் இல்லை எண்டுதானே அர்த்தம்?"

என் பொய்க்கு இப்படியொரு விளைவு இருக்குமென்று நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

"அப்படி இல்லைங்க அக்கா. யாருமே பாக்கல. அந்த நம்பர் பூரா இந்தக் கடை மெஷின் அஞ்சும்தான். நான்தான் செஞ்சேன்."

அவர் திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார். "உலகத்தையே அஞ்சு கொம்பியூட்டருக்குள்ள அடக்கிப்போட்டியே, விசரி!" என்றார். சிரித்தபடியே கண்களைத் துடைத்துக்கொண்டார்.

கேட்டுக்கொண்டிருந்த முதலாளி எழுந்து வந்தார். "டீச்சர், இத பேப்பர்ல பிரின்ட் அடிச்சு வெளிய ஒட்டுவமா? பஸ்ஸுக்கு நிக்கிற ஆக்கள் நெட்டுக்கா வாராங்க? செவத்தத்தான் பாப்பாங்க."

அக்கா கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். "ஊர்ப் பேரை அழிச்சுவிடுவம். சோதிக்க வாற ஆமியும் பொலிசும் வாசிப்பாங்கள், வன்னி எண்டாலே சந்தேகப்படுவாங்கள்."

நான் ஒவ்வொரு கணினியாக டூல்பாரை நீக்கினேன். அக்கா தம்பியின் பெயரை, வீதிக்கு அப்பால் பஸ்ஸுக்கு நிற்பவருக்கும் தெரியும்படி பெரிதாக்கிக்கொண்டிருந்தார்.