மூன்றாவது சுவிட்ச்

அந்த வீட்டில் மூன்றாவது சுவிட்சை யாரும் தொடக் கூடாது. பக்கத்தில் ஒட்டிய அட்டையில், 'கை வைத்தால் கை இருக்காது' என்று டைப்பிஸ்ட் அக்கா எழுதியிருந்தாள். பெருக்கும்போதுகூட துடைப்பம் அந்தப் பக்கம் போகாது. அது அவளுடைய கம்ப்யூட்டரின் சுவிட்ச்; அணைத்து நான்கு மாதம் ஆகிறது. கடைசியாக அணைத்தபோது அது மறுபடி எழுந்திருக்க அரை நாள் பிடித்தது. அதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

கம்ப்யூட்டருக்குப் பதின்மூன்று வயது. ஊராருடைய எழுத்தையெல்லாம் வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுப்பது அவள் தொழில். இப்போது அதற்குள் இருப்பது மாடி வீட்டு லெக்சரரின் ஆராய்ச்சி, இருநூற்றுப் பதினெட்டு பக்கம், ஆறு வருட உழைப்பு. அந்தப் பெண் ஒரு புத்திசாலி! அக்கா ஒரு அத்தியாயத்தை அடித்து முடித்ததும், தன் வீட்டை அடைக்கிறதென்று கையெழுத்துத் தாள்களைத் திரும்ப வாங்கிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுவாள். பிரதி எடுக்கலாமென்றால், ஒருமுறை பென் டிரைவைச் செருகியதும் கம்ப்யூட்டர் அடித்து வைத்த ஆணி மாதிரி நின்றுவிட்டது. அன்றிலிருந்து அக்கா எதையும் செருகுவதில்லை. ஆக, அந்த எழுத்து உலகத்தில் இருக்கும் ஒரே இடம் அந்தப் பெட்டிதான்.

இன்னும் ஒரு அத்தியாயம் பாக்கி, பத்து நாள் கெடு. கம்ப்யூட்டரோ இன்று அடித்த எழுத்தை நாளைக்குக் காட்டுகிறேன் என்கிறது. கம்ப்யூட்டர் கடைக்காரர் மாடல் நம்பரைப் பார்த்துவிட்டு, உள்ளே பொருத்தினால் வேகம் கூடும் என்று ஒரு மெமரி ஸ்டிக்கை எடுத்துக் கொடுத்தார்.

"இத போட்டா இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்மா. பழைய ஸ்டிக் பக்கத்துலயே காலி இடம் இருக்கும். 'டக்'குனு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்துங்க, அவ்ளோதான்."

ஞாயிற்றுக்கிழமை காலை. பஸ் ஓட்டும் கணவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டார்.

"அணைச்சே ஆகணுமாங்க?"

"பின்ன, ஓடுற இன்ஜின்லயா கை வைப்ப? இருவது வருஷத்துப் பஸ்ஸ நான் ஓட்டல? பழசுன்னா பயப்படக் கூடாது, பாத்துக்கணும்."

வாய்ச்சவடாலுக்குக் குறைச்சலில்லை. டார்ச் வெளிச்சம் சுவரில் ஆடியதை அக்கா பார்த்தாள்.

அணைத்தாள். நான்கு மாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்த விசிறிச் சத்தம் நின்றதும் வீட்டில் சமையலறைக் குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது. ஒயரைப் பிடுங்கி, பக்கத்துத் தகட்டைக் கழற்றி, தூசியை பிரஷ்ஷால் தள்ளினாள். ஸ்டிக்கை வைத்து, தூங்கும் குழந்தையைத் தொடுவதுபோல் அழுத்தினாள். சத்தம் வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. ஒயரைச் செருகி சுவிட்சைப் போட்டாள்.

பீப். பீப். பீப். திரை கருப்பாகவே இருந்தது.

ஒரு பெண்ணின் ஆறு வருடத்தைக் கொன்றுவிட்டேன் என்று உறுதியாக நம்பினாள்.

சரியாக அப்போதுதான் வாசலில் லெக்சரரின் குரல். கடைசி அத்தியாயத்தோடு வந்திருந்தாள்.

"அக்கா, ஓடுதா?"

"ஓடுது, ஓடுது! நீ போய்ட்டு அப்புறமா வா."

கணவர் அவளைப் பார்த்தார். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். பீப் சத்தம் நிற்கவில்லை. ஒயரை மறுபடி பிடுங்கினாள்.

"எப்படி அழுத்துன?" என்றார் அவர் மெதுவாக.

"உடஞ்சிடுமோன்னு..."

"பயந்துக்கிட்டே கியர் போட்டா அது விழாது. நல்லா அழுத்து."

கண்ணை இறுக மூடிக்கொண்டு கட்டை விரல்கள் வலிக்க அழுத்தினாள். டக். சந்தேகத்துக்கு இடமில்லாத டக்.

ஒயரைச் செருகி மறுபடி சுவிட்சைப் போட்டாள். இரண்டே நிமிடத்தில் திரை வெளுத்தது. இருநூற்றுப் பதினெட்டு பக்கங்களும் இருந்தன. பென் டிரைவைச் செருகும்போது மூச்சை அடக்கிக்கொண்டாள். கம்ப்யூட்டர் நிற்கவில்லை. ஒன்றுக்கு இரண்டாகப் பிரதி எடுத்து, ஒன்றைக் கொடுக்க மாடிக்கு ஓடினாள்.

ஓட வேண்டியிருக்கவில்லை. லெக்சரர் மூன்றாவது படியிலேயே தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"இந்தா, எல்லாம் இருக்கு. முன்ன சொன்னது பொய்ம்மா. அப்ப ஓடல."

"தெரியும்க்கா. பீப் சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு." பென் டிரைவை வாங்கிய அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன. "நீங்க சொன்ன அந்தப் பொய்யப் பிடிச்சுக்கிட்டுதான் இவ்ளோ நேரம் உக்காந்திருந்தேன்."