இல்லாத மாடிக்கு வரி

சொத்து வரி அறிவிப்பை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். அரசாங்கத்திலிருந்து எது வந்தாலும் எங்கள் வீட்டில் அங்கேதான் போகும். நான் வேலை முடிந்து தருமபுரியிலிருந்து பஸ்ஸில் வந்து படித்துச் சொல்லும்வரை யாரும் அதைத் தொட மாட்டார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்தவள் நான் ஒருத்திதான். வீடும் என் பெயரில்தான் இருக்கிறது. ஆய்வகத்தில் அடுத்தவர் இரத்தத்தைப் பரிசோதித்து வாங்கிய சம்பளத்தில் கட்டிய வீடு. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

அறிவிப்பில் கீழ்த்தளம் என்று ஒரு வரி. அதற்கடியில் முதல் தளம் என்று இன்னொரு வரி. இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே வரித்தொகை.

எங்கள் வீட்டுக்கு முதல் தளம் இல்லை. மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, துணி காயப்போடும் கொடி இருக்கிறது, தூண்களிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் கம்பிகள் இருக்கின்றன. என்றாவது மேலே கட்டலாம் என்று எல்லோரும் விடுவதுபோல நாங்களும் விட்ட கம்பிகள். அவ்வளவுதான்.

"அளக்க வந்தாங்களாம்மா?"

"வந்தாங்க. வண்டிய விட்டே எறங்கல. வாசல்ல வண்டிய நிறுத்தினபடியே, என்ன வூடுன்னு கேட்டாரு. உங்கப்பா மாடி வூடுங்கன்னாரு. எழுதிக்கிட்டுப் போயிட்டாரு."

அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் பக்கம் கான்கிரீட் கூரை போட்டிருந்தால் அது மாடி வீடு. கூரை வீடு, ஓட்டு வீடு, மாடி வீடு என்று மூன்றுதான். மேலே இன்னொரு தளம் இருக்க வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. வந்தவர் வேறு மாவட்டத்துக்காரர். மாடி என்று காதில் விழுந்ததும் இரண்டு தளம் என்று எழுதிக்கொண்டார். தலையை நிமிர்த்திப் பார்த்திருந்தால் போதும். அதைக்கூடச் செய்யவில்லை.

அப்பா அந்தச் சொல்லை எப்படிச் சொல்லியிருப்பார் என்றும் எனக்குத் தெரியும். அவர் பாலக்கோடு தக்காளி மண்டியில் பெட்டி தூக்குகிறவர். வீடு கட்டுவதற்கு முன்னால், வேறொருவர் தோட்டத்து ஓரத்தில் தகரம் போட்ட அறையில் இருந்தோம். நாங்கள் குடிவந்த பிறகு மண்டியில் அவரைச் சீண்டுவார்கள்: "என்னங்க மாடி வூட்டுக்காரரே, இன்னமும் பெட்டி தூக்கணுமா?" அவர்கள் கிண்டலுக்குத்தான் சொன்னார்கள். அப்பா அதை வீட்டில் வந்து எங்களிடம் சந்தோஷமாகச் சொல்வார். அப்படிப்பட்டவரிடம் ஓர் அதிகாரி வாசலில் நின்று என்ன வீடு என்று கேட்டால், அவர் வேறு எதைச் சொல்வார்?

நான் மேல்முறையீடு எழுதினேன். பேரூராட்சி அலுவலகத்தில் கொடுத்தபோது அங்கிருந்த எழுத்தர் இரண்டு முறை படித்தார்.

"எந்த டைப்பிங் சென்டர்லம்மா எழுதி வாங்கினே? நல்லா எழுதியிருக்காங்க."

"நான்தான் சார் எழுதினேன்."

"அப்பா என்ன பண்றாரு?"

"மண்டியில வேலை."

"மண்டி வச்சிருக்காரா?"

"பெட்டி தூக்குறாரு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, காகிதத்தில் முத்திரை வைத்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. நம்பாமல் இருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும்.

பிறகு, வாசலில் நின்று எழுதிக்கொண்டு போன அதே வரி மதிப்பீட்டாளர் மறுபடி வந்தார். அவர் செய்த தவறை அவரே விசாரிக்கத்தான் அனுப்பியிருந்தார்கள். அன்று நான் விடுப்பு எடுத்திருந்தேன். அப்பாவும் மண்டியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். மதிப்பீட்டாளர் வெளிப்பக்கப் படிக்கட்டு வழியாக மேலே ஏறினார். காய்ந்துகொண்டிருந்த பாவாடைகளை ஒதுக்கிவிட்டுச் சுற்றிப் பார்த்தார். ஒரு கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"படி வச்சிருக்கீங்க, கம்பி விட்டிருக்கீங்க. நாளைக்குக் கட்டத்தானே போறீங்க?"

"கட்டின பொறகு வரி போடுங்க சார். தர்றேன்."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கேம்மா நீ."

"எதிர்வூட்டுல ரெண்டு தளம் இருக்கு சார். அங்க ஒண்ணுதானே போட்டிருக்கு?"

அது ஏக்கர் கணக்கில் நிலமுள்ள குடும்பத்தின் வீடு. அவர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. "அடுத்தவங்க வூட்டப் பத்தி நமக்கு எதுக்கு?" என்றபடி கீழே இறங்கினார்.

நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே ஒரு வாக்குமூலம் எழுதினார். எழுதி முடித்து என்னிடம் நீட்டினார். உரிமையாளரின் தந்தை தவறான தகவல் அளித்ததால் கூடுதல் வரி விதிக்க நேர்ந்தது, அதற்கு வருந்துகிறேன், முதல் தளத்தை நீக்க வேண்டுகிறேன் என்று இருந்தது. அடியில் என் கையெழுத்துக்கு இடம்.

"போட்டுட்டியின்னா முடிஞ்சிது. அடுத்த வாரமே கொறச்சிடுவாங்க," என்றார்.

"என்ன கண்ணு எழுதியிருக்காரு?" என்று அப்பா கேட்டார். நான் முழுவதையும் படித்துக் காட்டினேன்.

அப்பா மதிப்பீட்டாளரைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "நான் பொய் ஒண்ணும் சொல்லலீங்க சார். மாடி வூட்ட மாடி வூடுன்னுதானுங்களே சொல்லணும்?"

"ஐயா, மாடின்னா மாடி. உங்க ஊர்ப் பாஷையெல்லாம் நான் ஃபைல்ல எழுத முடியாது."

"நீங்க மேல ஏறிப் பாக்கலைன்னு எழுதலாமே சார்," என்றேன்.

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். அதன்பிறகு அவர் பேச்சு மாறிவிட்டது. கையெழுத்துப் போட்டால் குறையும், போடாவிட்டால் குறையாது, என் விருப்பம் என்றார்.

நான் அந்தத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. வேறொரு தாள் எடுத்து நானே எழுதினேன். என் தந்தை உண்மையைத்தான் சொன்னார். எங்கள் பகுதியில் கான்கிரீட் கூரை உள்ள வீட்டுக்கு மாடி வீடு என்று பெயர். அளக்க வந்தவர் பார்க்காமல் எழுதிக்கொண்டார். இவ்வளவுதான் எழுதினேன். கையெழுத்தைப் பெரிதாகவே போட்டேன். அவர் அதை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

மேல்முறையீடு தள்ளுபடியாகிவிட்டது. உரிமையாளர் உரிய விளக்கம் அளிக்கவில்லை என்று காரணம் போட்டிருந்தார்கள். மேலே ஏறி நின்று கம்பியை ஆட்டிப் பார்த்தவர் அங்கே முதல் தளம் இல்லை என்று ஒரு சொல்கூட எழுதவில்லை.

வரி கட்டப் போனேன். கட்டாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதே எழுத்தர்தான் இருந்தார்.

"மாடி கட்டியாச்சாம்மா?"

"மாடி கட்டல சார். வரிதான் கட்டுறேன்."

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வீட்டில் அப்பா கோபமாக இருந்தார். அவர்கள்மேல் கோபமாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். என்மேல் இருந்தார்.

"ஒரு கையெழுத்துதானே கண்ணு. போட்டுக் குடுத்திருந்தா என்ன?"

"நீங்க பொய் சொன்னீங்கன்னு எழுதியிருந்துச்சுப்பா."

"எழுதிட்டுப் போறான். அவன் எழுதினா நான் பொய்யனாயிடுவனா?"

"ஆயிடுவீங்க. எழுதிட்டா ஆயிடும்."

அவர் என்னை ஒரு வேற்றாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். எழுதியது என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாது. தெரியாமலே இத்தனை வருஷம் எத்தனை தாள்களில் கைநாட்டு வைத்திருப்பார், அவற்றில் என்னவெல்லாம் இருந்திருக்கும் என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவருக்கு அது ஒரு வேலை முடிவதற்கான வழி. என்னைப் படிக்க வைத்தவரும் அவர்தான். படித்தால் இப்படி ஆவேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

"படிச்சதுக்கு லாபம், சேத்து வரி கட்றோம்," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த மேல்முறையீட்டை மாவட்ட அலுவலகத்துக்கு எழுதி முடித்துவிட்டேன். கொஞ்சம் பணிவாக எழுதினால் நடக்கும் என்று ஆய்வகத்தில் கூட வேலை செய்கிறவள் சொல்கிறாள். நடக்கலாம். என் தந்தை உண்மையைத்தான் சொன்னார் என்ற வரியைத்தான் இதிலும் முதல் வரியாக வைத்திருக்கிறேன்.