பசி வரட்டும் என்று காத்திருந்தேன்

போன மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணியிருக்கும். கல்முனை பஸாரில் என் துணிக்கடையில் நின்று, தம்பிலுவிலிலிருந்து வந்த ஓர் அம்மாவுக்குப் பூப்போட்ட சீத்தைத் துணி அளந்துகொண்டிருந்தேன். மூன்று யார் துணி அளந்தது வரை நினைவிருக்கிறது. நாலாவது யாரில்... நான் தரையில்!

கண் விழித்தபோது அந்த அம்மா என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். "முதலாளி, காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். எழுந்து அளவுகோலைத் தேடினேன். வெட்கம்.

விஷயம் இதுதான். மூன்று மாதத்துக்கு முன் முழங்கால் வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாழ்ப்பாணத்து டொக்டர். தராசில் ஏற்றிப் பார்த்தார். "பாரம் கூட. டயட் வேணும். சோத்தைப் பாதியாக்குங்கோ. தொதல், மஸ்கட் எண்டு இனிப்புப் பக்கம் போகாதேங்கோ" என்றார். இன்னும் ஏதோ சொன்னார். 'பாதி' என்ற சொல்லோடு என் காது அடைத்துவிட்டது.

முதல் கிழமை பசி உயிரை எடுத்தது. இரண்டாம் கிழமை அடங்கியது. மூன்றாம் கிழமை — பசியே இல்லை! எனக்கோ ஒரே பெருமை. பசிக்காதவன் எதற்குத் தின்ன வேண்டும்? காலையில் வெறும் தேத்தண்ணி. பகலைக்கு இரண்டு வாய் சோறு. ராவைக்கு அதுவும் இல்லை. சாரன் இடுப்பில் நிற்காமல் நழுவியது. "புது மாப்பிள்ளை மாதிரி ஆகிட்டீங்க" என்று பஸாரே சொன்னது. யாருக்குத்தான் கசக்கும்?

பிறகுதான் தலை சுற்றத் தொடங்கியது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. கடைக்கு வந்தவர்கள் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

அப்போதுதான் பயம் பிடித்தது. என்னோடு கூடப்பிறந்த மூத்தவர், என் காக்காவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. பசியில்லை என்றார், இளைத்தார், ஒரு வருஷத்தில் மவுத்தாகிப் போனார். சயரோகம். இதை என் மனைவி சுலைஹாவிடம் எந்த வாயால் சொல்வது?

விழுந்த அன்றே அவள் என்னை வாடகைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.  வழி முழுக்க என் கையை விடவில்லை.

அதே டொக்டர். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், எக்ஸ்ரேயும் எடுப்பித்தார். கண்ணை இழுத்துப் பார்த்தார். விரலில் குத்தி இரத்தம் எடுத்தார். வெளியே காக்க வைத்துவிட்டு, ஒரு மணித்தியாலம் கழித்துக் கூப்பிட்டார்.

"நேற்று முழுக்க என்ன சாப்பிட்டனீங்கள்?"

"தேத்தண்ணி..."

"பிறகு?"

"ரெண்டு வாய் சோறு."

"வேற?"

"வெத்திலை."

டொக்டர் பேனாவை மேசையில் வைத்தார். "சோத்தைக் குறைக்கச் சொன்னனான். சாப்பாட்டையே விடச் சொன்னது ஆர்? மீன், முட்டை, பயறு, கீரை எல்லாம் கூட்டச் சொன்னனே!"

"பசிக்கல்லியே, டொக்டர்."

"பசி வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்தால் இப்பிடித்தான் விழுவீங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கோ. கொஞ்சம் கொஞ்சமாய். பசிச்சாலும், பசிக்காட்டியும்."

"அப்ப... நெஞ்சு?" சுலைஹா கேட்டாள்.

"நெஞ்சு சுத்தம். இரத்தம்தான் குறைவு. இவருக்கு வந்தது வேற ஒண்டுமில்லை, பட்டினி."

அல்ஹம்துலில்லாஹ்!

வெளியே வந்ததும் சுலைஹா மரத்தடியில் அப்படியே குந்திவிட்டாள். "காக்காட சயரோக வருத்தம் எண்டுதான் நினைச்சன். உங்களுக்கிட்ட எப்பிடிச் சொல்லுற?" என்று அழுதாள். ஒரே வீட்டில், ஒரே பயத்தை, இரண்டு பேரும் தனித்தனியே ஒளித்து வைத்திருந்திருக்கிறோம்! நான் சிரித்தேன். சிரித்து முடிந்தபோது என் கண்ணும் நனைந்திருந்தது.

வீட்டுக்கு வந்து அவள் ஒரு சட்டம் போட்டாள். "வயிறு கூப்பிடாட்டி என்ன? பள்ளியில அஞ்சு நேரமும் தொழுகைக்கு வாங்கு சொல்லுவாங்கதானே!" ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் ஒரு சின்னத் தட்டு. சுபஹுக்குப் பிறகு முட்டையும் கொஞ்சம் பிட்டும். லுஹருக்கு ஒரு பிடி சோறு, மீன், கீரை. அஸருக்கு அவித்த பயறு... இப்படியே இஷாவில் ஒரு கோப்பைத் தயிர் வரை. முதல் நாட்களில் மருந்து விழுங்குவது போலத்தான் இருந்தது. மென்று மென்று தாடை வலித்தது.

பத்து நாளில் தலைச்சுற்று நின்றது. பாரமும் ஆறுதலாக, கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. முந்தாநாள் கடையில் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது வயிற்றுக்குள் ஏதோ கிள்ளியது. என்ன இது என்று யோசித்தேன். ஓம், பசி! வெளியூர் போன சொந்தக்காரன் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

மச்சானைப் பற்றிச் சொல்லாவிட்டால் அநியாயம். சுலைஹா பயத்தில், நான் விழுந்த அன்றே சவளக்கடை ஊரில் இருக்கும் தன் தம்பிக்கு ஆள் அனுப்பிவிட்டாள். மனுஷன் வயலில் வேளாண்மை வெட்டைப் பாதியில் விட்டுவிட்டு, மறுநாள் விடியும்போதே மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். என்னைவிட இரண்டு பங்கு பாரம். மவுத்து வீட்டை எதிர்பார்த்து வந்தவர், நான் முட்டை உரித்துக்கொண்டிருப்பதைக் கண்டார். அப்படியே கட்டிப்பிடித்தார். அன்று முழுக்க எங்களோடு இருந்து, தட்டு வருவதையும் போவதையும் பார்த்தார். இரவு வண்டியில் ஏறும்போது சொன்னார்:

"மச்சான், ஒரு நாளைக்கு அஞ்சு தரம் தின்னுறதா டயட்? இவ்வளவு நாளும் இது தெரியாமப் போச்சே! நாளைக்கே நானும் தொடங்குறன்."

தட்டின் அளவைச் சொல்ல வாய் திறந்தேன். வண்டி கிளம்பிவிட்டது.